மிலாறுக் கட்டு

கொழுந்து நிறுத்து முடிந்ததும் மற்றப் பெண்கள் லயத்து வரிசை வீடுகளை நோக்கி இறங்க, மரியநாயகி மட்டும் மலை ஏறினாள். வெறும் கூடையைப் பாதையோரம் கவிழ்த்து வைத்தாள். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலைக்குச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டாள். அக்கரப்பத்தனைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டால் பிறகு இந்தப் பக்கம் லேசில் விடாது. அதற்குள் மிலாறை எல்லாம் வீட்டுக்குள் ஏற்றிவிட வேண்டும்.

கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் கிளைதான் மிலாறு. ஆண்கள் கத்தியோடு மரங்களை மட்டமாக வெட்டித் தள்ளிக்கொண்டே போவார்கள். பின்னால் வருகிற பெண்கள் கிளைகளைப் பொறுக்கி, இலை உதறி, கட்டாகக் கட்டி மலையிலேயே காயப் போடுவார்கள். ஒரு வெயில் காலம் முழுக்கக் காய்ந்த மிலாறு புகையாது, நின்று எரியும். யாருடைய கட்டு என்று தெரிவதற்கு அவரவர் பழைய துணியில் ஒரு நாடா கிழித்து முடிந்து வைப்பது வழக்கம். முடிச்சு விழுந்த கட்டை இன்னொருத்தி தொடமாட்டாள். அந்த லயத்தில் நகை களவு போயிருக்கிறது, கோழி களவு போகாத வீடே இல்லை. மிலாறு களவு போனதாக மட்டும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

மரியநாயகியின் நாடா சிவப்பு. எந்த நத்தார்ப் பண்டிகைக்கோ எடுத்த சேலை, உடுத்த முடியாமல் நைந்த பிறகு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மிலாறுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருஷம் அவளுக்கு அவசரம் கூட. தங்கச்சி ஷெரோமி நுவரெலியா ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று நேராக அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் செத்துப்போன பிறகு அவளுக்கு அதுதான் தாய் வீடு. புருஷன் றொக்சன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லி மாதங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். பிள்ளை எடை குறைவு. குளிர் பட விடாதீர்கள், அறையைச் சூடாக வைத்திருங்கள் என்று வார்டில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொல்வது சுலபம். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பை விட்டால் சூட்டுக்கு வேறு என்ன இருக்கிறது? காலி காஸ் சிலிண்டர் ஒன்று மூலையில் இருந்தது. அதன்மேல் பலகை போட்டு மாதா படம் வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது.

வளைவு திரும்பினாள். மலை சுத்தமாக இருந்தது.

முதலில் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். பாதையோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த கட்டுகள் ஒன்றுகூட இல்லை. அவள் கட்டும் இல்லை, பச்சை நாடாக்காரி கட்டும் இல்லை, பூப்போட்ட நாடாக்காரி கட்டும் இல்லை. மண்ணில் டெக்டர் சக்கரம் பதிந்த தடமும், அதில் நசுங்கிக் கிடந்த சில சுள்ளிகளும்தான். சும்மாட்டைத் தலையிலிருந்து எடுக்காமலே அங்குமிங்கும் நடந்து பார்த்தாள். 

கீழே பாதையில் நல்லமுத்துக் கங்காணி எதிர்ப்பட்டார். அவளைக் கண்டதும் அவர் வேறு பக்கம் பார்த்த பார்வையிலேயே பாதி விளங்கிவிட்டது.

"கங்காணி அண்ணே, மிலாறு எங்க?"

"ஸ்டோருக்குப் போயிருச்சு மரியா. காலையிலயே டெக்டர் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு."

"முடிச்சுப் போட்ட கட்டு அண்ணே."

"முடிச்சு ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டெக்டருக்குத் தெரியுமா?"

ஸ்டோர் என்று எல்லாரும் சொல்லும் தேயிலை ஆலையில் புது அடுப்பு ஒன்று வந்திருந்தது. நாலு நாடுகள் சேர்ந்து காசு போட்டு, கொழும்பில் பெரிய பெரிய ஆட்கள் கையெழுத்து வைத்து, கப்பலில் வந்த அடுப்பு. எண்ணெய் வேண்டாம், காட்டு மரமும் வெட்ட வேண்டாம். கவ்வாத்துக் கழிவைப் போட்டாலே தேயிலை காயும். காற்றும் கெடாது, நாட்டுக்கும் மிச்சம். வாசலில் நாலு கொடிகள் வரைந்த பலகையும் நட்டிருந்தார்கள். இதெல்லாம் லயத்துக்குத் தெரிந்த சங்கதிதான். கவ்வாத்துக் கழிவு என்று சொன்னது தங்கள் மிலாறைத்தான் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அடுப்பெரிக்கிற சாமானுக்குக் கழிவு என்று பெயர் இருக்கும் என்று எவள் கண்டாள்.

இன்னொன்றும் மரியநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்கமாக அவரவர் கட்டு அவரவர் பொறுக்கின இடத்தில், மேட்டிலும் வடிகால் கானிலுமாகச் சிதறிக் கிடக்கும். இந்த வருஷம் கவ்வாத்து தொடங்கிய அன்று, காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். எல்லாவற்றையும் இறக்கி றோட்டோரமாக அடுக்குங்கள், சுமக்கிற தூரம் குறையும் என்றார். தோட்டத்துக்கு இப்போதாவது நம்மேல் இரக்கம் வந்ததே என்று பெண்கள் மகிழ்ந்து போனார்கள். வேலை முடிந்த பிறகு, சொந்த நேரத்தில், முழங்கால் நோக நோக மலையிலிருந்த அத்தனையையும் இறக்கி, இலை உதறி, தடித்தது தனி மெல்லியது தனி என்று பிரித்து அடுக்கினார்கள். யாருடைய அடுக்கு அழகு என்று போட்டி வேறு. மரியநாயகியின் அடுக்குத்தான் அழகு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையை இப்போது நினைக்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மரியநாயகியின் புருஷன் அலோசியஸ் வேலை விட்டு வந்தபோது அவள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தாள். அவன் ஸ்டோரில் அந்தப் புது அடுப்புக்குத் தீ போடுகிறவன். முகம் கழுவாமல், சட்டைப்பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து அவள் கையில் வைத்தான். எல்லாம் சிவப்பு நாடா.

"ஒன் முடிச்சு எனக்குத் தெரியாதா. அவுத்துட்டுத்தான் போட்டேன்."

"அவுத்துட்டுப் போட்டீங்களா."

"வேற என்ன செய்யச் சொல்றே? அடுப்ப அணைச்சுட்டு வரச் சொல்றியா?"

 அவன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? ஆனால் கோபம் வந்தது. நாடாக்களைத் தூக்கி எறியவும் மனம் வராமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். எல்லாக் கட்டும் போய்விட்டதா என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாள். கொஞ்சம் ஸ்டோர் யார்டில் கிடக்கிறது, ஆனால் கேட்டில் காவல் நிற்கிற இராமையா மாமா போகிறவன் வருகிறவன் பையை எல்லாம் தடவிப் பார்க்கிறார், ஒரு குச்சி கொண்டுவர முடியாது என்றான். பிறகு பின்பக்கம் போய்க் கோழிக்கூட்டின் பலகையைக் கழற்றும் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பிள்ளைக்கு வெந்நீர் கோழிக்கூட்டில் கொதித்தது.

அதற்குப் பிறகு மரியநாயகியால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கொழுந்து எடுக்கும்போதும் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். கானோரம் கிடக்கிற சுள்ளி, சவுக்குப் பட்டை எது கண்டாலும் படங்குக்குள் செருகினாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். அடுப்பைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள், திரும்பவும் பாதத்தைத் தொடுவாள். பச்சைச் சுள்ளி புகைந்து தள்ளியது. ஷெரோமி இருமினாள், பிள்ளை தும்மியது. "அக்கா, கொஞ்சம் ஒக்காரு. நீ நடக்கிறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு," என்றாள் தங்கச்சி. உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள்.

அந்த வாரம் நாலு நாட்டு அடுப்புத் திட்டத்து ஆபீசிலிருந்து பிரேமினி மிஸ் வந்தாள். ஹட்டனில் படித்து, இதே மாதிரி லயத்திலிருந்து மேலே போன பிள்ளை. அப்பன் பொகவந்தலாவையில் கொழுந்து லொறி ஓட்டியவன். அதனால் லயத்தில் அவளுக்குத் தனி மரியாதை. நாலு நாட்டு ஆட்களும் வியாழக்கிழமை தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றாள். லயத்துக்குப் புகை வராத புது அடுப்பு கொடுக்கப் போகிறார்கள், முதல் அடுப்பு இந்த வீட்டுக்குத்தான், கைப்பிள்ளை இருக்கிற வீடு என்று தானே சொல்லி எடுத்ததாகச் சொன்னாள். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"அடுப்பு சரி மிஸ். எரிக்கிறதுக்கு?"

"இதுக்குக் கொஞ்சம் போதும் அக்கா. ரெண்டு குச்சி வச்சா ஒரு சட்டி சோறு வெந்துரும்."

"அந்த ரெண்டு குச்சிதான் மிஸ் இல்ல."

பிரேமினியின் சந்தோஷம் சற்றுக் குறைந்தது. நடந்ததை எல்லாம் மரியநாயகி சொன்னாள். கணக்கப்பிள்ளை சொன்னது, றோட்டோரம் அடுக்கியது, டெக்டர். பிரேமினி தலையைக் குனிந்து கேட்டாள். தனக்கு இது தெரியாது என்றாள். அது பொய்யாகத் தோன்றவில்லை. வியாழக்கிழமை அடுப்பை எரித்துக் காட்ட ஸ்டோரிலிருந்து மிலாறு வரும் என்றும் சொன்னாள்.

"மிச்சம் எங்களுக்குத்தானே மிஸ்?"

"ஒங்க வீட்டுக்குத்தானே கொண்டுவாறாங்க. பெறகு யாருக்கு?"

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மரியநாயகி வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கு நியாயம் பிடிக்கும் என்றாள் ஒருத்தி. அவர்களிடம் நேரே சொன்னால் தோட்டத்துத் துரைக்கு மறுக்க முடியாது, யார்டில் கிடப்பதையாவது திருப்பித் தருவார்கள் என்றாள் இன்னொருத்தி. நீதான் சொல்ல வேண்டும், உன் வீட்டுக்குத்தானே வருகிறார்கள் என்று எல்லாருமாக அவள் தலையில் ஏற்றினார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. கொழுந்து எடுக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மரியாதையாகச் சொல்ல வேண்டும், அழக் கூடாது என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். லயத்து வாசலில் சுண்ணாம்பு அடித்து, கானை மூடி மணல் கொட்டியிருந்தார்கள். இராமையா ஒரு மிலாறுக் கட்டைத் தோளில் சுமந்து வந்து இஸ்தோப்பில் இறக்கினார்.  சிவப்பு முடிச்சு. யார்டில் கிடந்ததில் எது கைக்கு அகப்பட்டதோ அது, வேண்டுமென்று செய்ததல்ல. காணாமல் போன ஆட்டுக்குட்டி தானாக வீடு திரும்பியதைப் போல அவள் கட்டைத் தடவிப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

புது அடுப்பு உயரமாக, அழகாக, நெற்றியில் நாலு கொடி ஒட்டி இஸ்தோப்பில் வந்திறங்கியது. அதில் மூன்று குச்சி வைத்துப் பற்றவைத்தபோது உண்மையாகவே புகை வரவில்லை. பொய் சொல்லக் கூடாது, நல்ல அடுப்பு. பிள்ளையைக் குளிப்பாட்டப் பெரிய பானையில் தண்ணீர் ஏற்றினாள். பார்க்க வருகிறவர்களுக்கும் காட்டினாற்போல் ஆயிற்று, பிள்ளைக்கும் ஆயிற்று.

ஜீப்புகள் வந்தன. மழைச் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள், ஜப்பான்காரர் மாதிரி ஒருவர், கொழும்பு ஆட்கள், துரை, சின்னத்துரை, கமெரா. இஸ்தோப்பில் எல்லாரும் நிற்க இடமில்லை. முன்னால் நின்றது நரைத்த முடி வெட்டிய ஒரு அம்மா. அவள் குனிந்து அடுப்பைப் பார்த்தாள், ஷெரோமி மடியில் பிள்ளையைப் பார்த்தாள், சிரித்தாள். துரை பிள்ளையின் கன்னத்தைத் தொடாமல் தொட்டு, "ஹொந்தய், ஹொந்தய்," நல்லது என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு அந்த அம்மாவின் கண் மிலாறுக் கட்டில் விழுந்தது. நாடாவைக் காட்டி ஏதோ கேட்டாள். இது எதற்கு என்று கேட்கிறார் என்றாள் பிரேமினி.

மரியநாயகி அடுப்புக்கு முன்னிருந்து எழுந்தாள். சொல்லிப் பார்த்து வைத்ததில் பாதி மறந்துபோயிருந்தது.

"அது என் அடையாளம் மிஸ். இது நான் பொறுக்கிக் கட்டினது. இந்தப் பக்கம் இருக்கிற எல்லா வீட்டுப் பொம்பளைகளும் மழைக்குன்னு சேத்து வச்சத, எங்களக் கேக்காம எடுத்துக்கிட்டாங்க. இங்க எரிக்க ஒண்ணுமில்ல. இந்தப் பிள்ளைக்காகவாவது மிச்சத்தத் திருப்பித் தரச் சொல்லுங்க."

பிரேமினி துரையைப் பார்த்தாள். துரைக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமினி தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீசில் பேசினாள். நீளமாகத்தான் பேசினாள். அந்த அம்மாவின் முகம் மாறியது. கண் கலங்கினாற்போல் இருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். மரியநாயகியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, குனிந்து ஏதோ சொன்னாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்து கைதட்டினார்கள். மரியநாயகிக்கு உடம்பெல்லாம் லேசானது. சொல்லிவிட்டோம், கேட்டும்விட்டார்கள். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் இத்தனை நாள் கிடந்து தவித்திருக்க வேண்டாமே என்று நினைத்தாள்.

அந்த அம்மா நாடாவைக் காட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டாள். மரியநாயகி தானே முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். அவள் அதைத் தன் பையின் பிடியில் கட்டிக்கொண்டாள். படம் எடுத்தார்கள். மழை வலுத்தது. ஒருவர் பின் ஒருவராகக் குடைக்குள் ஓடி ஜீப்பில் ஏறினார்கள்.

பிரேமினி கடைசியாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மரியநாயகி அவள் குடைக்குள் தலையை நீட்டி, என்ன சொன்னார்கள், எப்போது தருவார்கள் என்று கேட்டாள். பிரேமினி செருப்பு வாரை இழுத்து மாட்டினாள், திரும்பவும் கழற்றி மாட்டினாள்.

"ஒங்க கைய அவங்க நாட்டுல எல்லாருக்கும் காட்டப் போறாங்களாம்."

"மிலாற, மிஸ்?"

"நீங்களே மனசு விரும்பி ஸ்டோருக்குப் பொறுக்கிக் குடுத்தீங்க, அதுக்கு அடையாளமாத்தான் முடிச்சுப் போட்டீங்கன்னு சொன்னேன்." அவள் இன்னும் நிமிரவில்லை. "தொரை பக்கத்துல நின்னாரு அக்கா. எனக்கும் வேல வேணும்."

அவள் போய்விட்டாள். ஜீப்புகளின் சத்தம் வளைவில் தேய்ந்தது. மரியநாயகி இஸ்தோப்பில் நின்றாள்.  கைதட்டிய பெண்கள் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

அப்போது இராமையா வந்தார். லயத்துக் கோடியில் சின்னத்துரை குடை பிடித்துக்கொண்டு நின்றார். கிழவர் அவளைப் பார்க்காமல் அவிழ்ந்து கிடந்த மிலாறைக் கூட்டி அள்ளிப் படங்குச் சாக்கில் போட்டார். ஸ்டோர்ச் சாமான் ஸ்டோருக்கே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார். எங்களுக்கென்று மிஸ் சொன்னாரே என்றாள் ஷெரோமி உள்ளேயிருந்து. அவர் கேட்காதது மாதிரி இருந்தார். சாக்கைத் தூக்கியவர் நின்றார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். குடை அங்கேயே நின்றது. அவர் அடுப்புக்கு முன்னால் குந்தினார்.

"மாமா, தண்ணி இன்னும் சுடல. பிள்ளையக் குளிப்பாட்டணும்," என்றாள் மரியநாயகி.

"எல்லாத்தையும் கொண்டாரச் சொன்னாங்க புள்ள," என்றார் அவர். 

எரிந்துகொண்டிருந்த மூன்று குச்சிகளையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். கூரைப் பீலிக்கு அடியிலிருந்த வாளியில் முக்கினார். உஸ்ஸென்று ஆவி எழும்பி இஸ்தோப்பு முழுக்க ஈரக் கரி நாறியது. நனைந்த குச்சியால் இனி ஸ்டோருக்கும் பிரயோசனமில்லை. அதையும் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

மரியநாயகி பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அது இன்னும் சுட்டது. நல்ல அடுப்பு, சூட்டை வைத்திருந்தது. பானையை இறக்கிவிட்டு, கொடியில் சொட்டிக்கொண்டிருந்த பிள்ளைத் துணி ஒன்றை உருவி அடுப்பைச் சுற்றிப் போர்த்தினாள். நெற்றியிலிருந்த கொடிகள் ஈரத் துணிக்குள் மறைந்தன. உள்ளே பிள்ளை அழத் தொடங்கியது. சூடு ஆறுவதற்குள் ஒரு பக்கமாவது காயட்டும் என்று அவள் துணியை எடுத்துப் புரட்டிப் போட்டாள், திரும்பவும் எடுத்துப் புரட்டிப் போட்டாள்.